கடல் தந்த காசு: வாசகர் கேள்வி பதில்

வாடைக்காற்று ஓய்ந்ததும் இந்தப் பகுதிக்குக் காசுக் கடிதங்கள் கூடிவிடும். தொண்டி முதல் வாலிநோக்கம் வரை அலை மணலைப் புரட்டிப் போட்ட இடத்தில் கிடைத்தவை, வலையில் ஏறியவை, வீடு கட்ட வானம் (அடித்தளம்) தோண்டியபோது வந்தவை என்று பல. பெரும்பாலோர் கைப்பேசிப் படம் மட்டும் அனுப்புகிறார்கள். படத்தோடு கிராம் கணக்கில் எடை, மில்லிமீட்டரில் விட்டம், விளிம்பின் படம் மூன்றும் வந்தால் பாதிக் கேள்விக்கு விடை அதிலேயே இருக்கும். நகைக்கடைத் தராசு போதும். எடை போடும்வரை காசைக் கழுவ வேண்டாம்.

தொண்டி வாசகர்: கரையில் கருத்துப்போன வெள்ளிக் காசு ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் இரண்டு தூண், நடுவில் இரண்டு உருண்டை, கீழே அலை. மறுபக்கம் கிரீடம் வைத்த கேடயம். ஆண்டில் 1, 7 தெரிகிறது, மூன்றாம் எண் அழிந்திருக்கிறது, கடைசி எண் 4. எடை 25.9 கிராம், விட்டம் 38.6 மில்லிமீட்டர். பெயர் 'ஃபெர்' என்று தொடங்குகிறது. இது எந்த நாட்டுக் காசு? அசலா?

ஸ்பெயின் அரசு தன் அமெரிக்கக் குடியேற்றங்களில் அடித்த 8 ரியால் காசு இது. தூண் டாலர் என்பார்கள். மெக்சிகோவில் 1732 முதல் 1772 வரை இந்த வடிவில் அடித்தார்கள். தூண்கள் ஜிப்ரால்டர் நீரிணையின் இருபுறமும் இருப்பதாகச் சொல்லப்படும் ஹெர்குலிஸ் தூண்கள். உருண்டைகள் பழைய உலகமும் புதிய உலகமும். சுற்றி 'உட்ராக்வே ஊனும்' என்ற லத்தீன் வாசகம் இருக்கும். இரண்டும் ஒன்றே என்று பொருள்.

அழிந்த எண்ணைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி தேவையில்லை. தூண் டாலரில் வரும் பெயர்கள் மூன்றே: ஐந்தாம் பிலிப், ஆறாம் ஃபெர்டினாண்ட், மூன்றாம் கார்லோஸ். ஃபெர்டினாண்ட் பெயரில் மெக்சிகோவில் அடித்தது 1747 முதல் 1760 வரை. அதற்குள் 4-இல் முடியும் ஆண்டு ஒன்றுதான், 1754. அந்த ஆண்டில் ஒரு சுவையான சங்கதி உண்டு. அதுவரை இரு தூண்களின் தலையிலும் ஒரே மாதிரி அரச கிரீடம். 1754-இல் இடத் தூணுக்குப் பேரரசுக் கிரீடம் வந்தது. அதே ஆண்டில் இரண்டு வகையும் வெளிவந்ததால், உங்கள் காசின் இரு கிரீடங்களும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று பார்த்து எழுதுங்கள். விளக்கை மேலிருந்து அடிக்காமல் மேசையோடு சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த கோடும் நிழல் தட்டித் தெரியும்.

அடுத்து நாணயச்சாலைக் குறி. ஆண்டின் இருபுறமும் 'எம்' எழுத்தின் தலையில் குட்டி 'ஓ' ஏறியிருந்தால் மெக்சிகோ. லிமா நகரமானால் அதன் பெயரெழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். பொட்டோசி நகரமானால் பி, டி, எஸ், ஐ நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக. ஃபெர்டினாண்ட் பெயரும் பொட்டோசிக் குறியும் தூண் வடிவமும் ஒரே காசில் சேர்ந்து வந்தால் அது போலி, ஏனென்றால் பொட்டோசியில் தூண் டாலர் தொடங்கியதே 1767-இல், கார்லோஸ் காலத்தில்.

இனி அசலா என்ற கேள்வி. அடித்தபோது எடை 27.07 கிராம். கைமாறித் தேய்ந்தும் உப்புநீரில் அரித்தும் ஒரு கிராமுக்கு மேல் குறைவது இயல்பு, ஆக 25.9 சந்தேகத்துக்குரிய எடை அல்ல. சந்தைப் போலிகள் பல 20 முதல் 24 கிராமுக்குள் நிற்கும். ஆனாலும் எடையை மட்டும் நம்ப முடியாது. அடர்த்தியும் பார்க்க வேண்டும், அது வீட்டிலேயே முடியும். 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண் காசு விலக்கிய நீரின் எடை. காசின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். அக்கால வெள்ளிக்கு அது சுமார் 10.3. உங்கள் காசுக்குத் தராசு ஏறக்குறைய 2.5 காட்ட வேண்டும். 2.9 காட்டினால் உள்ளே இருப்பது செம்போ நிக்கல் கலவையோதான். காசின்மேல் சுண்ணாம்புப் படிவு ஒட்டியிருந்தாலோ நீர்க்குமிழி தங்கினாலோ கணக்கு தவறும்; குமிழியை ஈர விரலால் தடவி விடுங்கள்.

கடைசியாக விளிம்பு. போலி செய்பவர் முகத்தைப் படியெடுப்பார், விளிம்பில் கோட்டை விடுவார். தூண் டாலரின் விளிம்பில் இலை இலையாகக் கொடி ஓடும். அந்த வேலைப்பாட்டை இரண்டு பட்டைகளுக்கு நடுவே உருட்டிப் பதித்ததால், எதிரெதிரே இரண்டு இடத்தில் மட்டும் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கலாம். அது குறை அல்ல, அசலுக்கு அடையாளம். விளிம்பு முழுக்க நடுக்கோடு ஒன்று ஓடினால் இரண்டு பாதியாக வார்த்து ஒட்டியது. எழுத்துகளின் ஓரம் சோப்புக் கட்டிபோல மழுங்கி, தளத்தில் ஊசிமுனைக் குழிகள் நிறைய இருந்தாலும் வார்ப்பு என்று சந்தேகப்படலாம். கடல் அரிப்பும் குழி போடும்தான். அது திட்டுத் திட்டாக, ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும்.

மண்டபம் வாசகர்: எங்கள் வீட்டில் உள்ள ஸ்பெயின் காசில் ராஜா தலை இருக்கிறது. ஆண்டு 1762. தூண்களுக்கு நடுவே கேடயம். நல்ல விலை போகுமா?

போகாது. மன்னர் தலை பொறித்த 8 ரியால் 1772-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டோடு இந்தக் குடியேற்ற நாணயச்சாலைகளின் தலைக்காசு வந்தால் அது போலி, மேலே எதுவும் பார்க்க வேண்டாம். 1772-க்குப் பிந்தைய அசலின் விளிம்பில் வட்டமும் செவ்வகமும் மாறி மாறி வரும்; உங்கள் படத்தில் வெறும் வரிவரியாக இருக்கிறது. விலை மதிப்பீடு இந்தப் பகுதியில் தருவதில்லை.

இன்னொரு சங்கதி, பலருக்கும் பயன்படும். தலைக்காசின் முகத்தில் சின்னச் சின்ன முத்திரைகள் குத்தியிருந்தால் கெட்டுப்போன காசு என்று ஒதுக்காதீர்கள். சீன வணிகர்களும் நம் பக்கத்தில் நாணயம் மாற்றிய சராப்புகளும் வெள்ளியைச் சோதித்துக் குத்திய அடையாளங்கள் அவை. மணிலா வழியாகவும் ஐரோப்பியக் கம்பெனிகளின் கப்பல் வழியாகவும் இந்த வெள்ளி கிழக்கே கொட்டியது. பெரும்பகுதி உருக்கப்பட்டு வேறு காசாகிவிட்டது. மதராஸ் நாணயச்சாலையில் சிலவற்றை உருக்காமல், அவற்றின்மேலேயே கோபுரம் பொறித்த அரை வராகன் அச்சை அடித்தார்கள். கோபுரத்துக்குப் பின்னால் கேடயத்தின் நிழலோ லத்தீன் எழுத்தின் காலோ தெரிந்தால் அது அந்த வகை.

பாம்பன் வாசகர்: வலையில் வந்த வெள்ளித் துண்டு. வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. நடுவில் சிலுவை. காசா, மாதா கோயில் பதக்கமா?

துளையோ வளையமோ இல்லாததால் பதக்கமாக இருக்க வாய்ப்புக் குறைவு. சிலுவையின் நான்கு மூலையிலும் கோட்டையும் சிங்கமும் குறுக்கு மூலையாக மாறி மாறி இருக்கின்றனவா பாருங்கள். காஸ்டீல், லியோன் என்ற இரு அரசுகளின் சின்னம் அவை. இருந்தால் ஸ்பெயினின் கையடிக் காசு. வெள்ளிப் பாளத்தைத் துண்டுபோட்டு, எடை சரியாகும்வரை ஓரத்தைக் கத்தரித்து, சம்மட்டியால் அச்சு அடித்தார்கள். எடைதான் கணக்கு, வடிவம் யாருக்கும் பொருட்டில்லை. அதனால் நீங்களும் எடையிலிருந்தே தொடங்குங்கள்: 27 கிராம் அருகே 8 ரியால், 13.5 என்றால் 4, 6.8 என்றால் 2, 3.4 என்றால் 1. அலைமேல் தூண்கள் நிற்கும் கையடிக் காசு பெரும்பாலும் பொட்டோசியிலோ லிமாவிலோ அடித்தது. பொட்டோசியில் அந்த வடிவம் 1652-இல் வந்தது. அதற்கு முன் அங்கே வெள்ளியில் செம்பைக் கூட்டி அடித்த பெரிய மோசடி அம்பலமாகி, பழைய காசின் மேல் நம்பிக்கை போயிருந்தது. பொட்டோசியில் கையடிக் காசு 1773 வரை தொடர்ந்தது. ஆகவே கரடுமுரடாக இருப்பதாலேயே இயந்திரக் காசைவிடப் பழையது என்று சொல்லிவிட முடியாது.

ஏர்வாடி வாசகர்: செப்புக் காசில் 'வி.ஓ.சி.' என்று போட்டு 1735 என்று இருக்கிறது. வ.உ.சி. கப்பல் கம்பெனி வெளியிட்டதா?

கேள்வி அழகாக இருக்கிறது. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது 1906-இல். உங்களிடம் இருப்பது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் டாயிட் என்ற சில்லறைக் காசு. பெரிய 'வி' எழுத்தின் இடக்காலில் 'ஓ', வலக்காலில் 'சி' ஏறியிருக்கும். விட்டம் 21, 22 மில்லிமீட்டர், எடை 3 கிராம் அளவில். 1658-இல் தூத்துக்குடியைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்த டச்சுக்காரர்கள் இந்தக் கரையெங்கும் முத்தும் சங்கும் துணியும் வாங்கியதால், இது இங்கே கிடைப்பதில் வியப்பில்லை. மறுபக்கத்துக் கேடயத்தில் அலையிலிருந்து சிங்கம் எழுந்தால் ஜீலாந்து மாகாணம், மேலும் கீழுமாக இரண்டு சிங்கம் நடந்தால் மேற்கு ஃபிரீஸ்லாந்து.

அழகன்குளம் வாசகர்: வைகை முகத்துவாரம் பக்கம் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதான செப்புக் காசுகள் கிடைக்கின்றன. ரோமானியக் காசு என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?

அழகன்குளத்தில் 1986-87 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை பலமுறை அகழாய்வு செய்து ரோமானியக் காசு, மதுச்சாடி ஓடு, கப்பல் உருவம் கீறிய பானை ஓடு எல்லாம் எடுத்திருக்கிறது. ஆகவே சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் ரோமானியக் காசு என்றதும் வெள்ளியும் தங்கமும் எதிர்பார்க்காதீர்கள். அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து வெள்ளி டினாரியஸ் (18, 19 மில்லிமீட்டர், சுமார் 3.8 கிராம்) கொங்குப் பக்கம்தான் குவியல் குவியலாகக் கிடைத்தது. இந்தக் கரையில் கிடைப்பது பெரும்பாலும் 4-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட இரண்டாம் வாலண்டினியன், தியோடோசியஸ், ஆர்க்கேடியஸ் போன்றோரின் சில்லறைச் செம்பு: 12 முதல் 14 மில்லிமீட்டர், ஒன்று ஒன்றரை கிராம்.

பார்க்க வேண்டியவை: தலைப்பக்கத்தில் வலது நோக்கிய முகம், நெற்றியைச் சுற்றி முத்துக் கோத்த பட்டம், அதன் முடிச்சு பிடரியில் தொங்கும். மறுபக்கம் சிறகு முளைத்த வெற்றித் தெய்வம் கைதி ஒருவனை இழுத்துப் போகும், அல்லது மூன்று பேர் வரிசையாக நிற்பார்கள். எழுத்து பாதி விளிம்புக்கு வெளியே போயிருக்கும். பெயரைப் படிக்கப் பாடுபடுவதைவிட மறுபக்க உருவத்தைப் பிடிப்பது எளிது.

சதுரமாக இருந்து, ஒரு பக்கம் யானையோ குதிரையோ, மறுபக்கம் கோடுகளால் ஆன மீன் குறியோ இருந்தால் அது சங்ககாலப் பாண்டியர் காசு. வட்டமாக, இரண்டு மீன்களுக்கு நடுவே செண்டு (வளைந்த கோல்) நின்று, மறுபக்கம் தமிழில் 'சோணாடு கொண்டான்', 'எல்லாந் தலையானான்' என்று வந்தால் 13-ஆம் நூற்றாண்டுப் பிற்காலப் பாண்டியர். இவை இரண்டும் ரோமைவிட நமக்கு நெருக்கம், ஆனால் ஏனோ கடிதம் எழுதுபவர்கள் ரோமையே விரும்புகிறார்கள்.

ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். அகழாய்வு நடந்த மேட்டில் உலோகம் தேடும் கருவியோடு இறங்காதீர்கள். மண்ணடுக்கை விட்டுப் பிரிந்த காசுக்குப் பாதி நாக்கு போய்விடும்.

இராமேசுவரம் வாசகர்: மனித உருவம் நிற்கும் செப்புக் காசு பத்துக்கு மேல் இருக்கிறது. எல்லாம் ராஜராஜன் காசுதானா?

இருக்காது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அதன் கையருகே நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜ ராஜ' என்று வந்தால் சோழர் காசு. அதே அச்சமைப்பை இலங்கை மன்னர்கள் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் அப்படியே எடுத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றினார்கள். பராக்கிரமபாகு, சாகசமல்லன், சோடகங்கன், விஜயபாகு, புவனேகபாகு, அரசி லீலாவதி எல்லாம் உண்டு. உருவத்தைப் பார்த்துப் பிரிக்க முயல்வது வீண் வேலை. எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். நாகரியின் 'ரா' மேற்கோட்டில் தொங்கும், அதே எழுத்து இரண்டு முறை ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தால் ராஜராஜன் பக்கம் சாயலாம். உங்கள் தீவில் பராக்கிரமபாகு காசு கிடைப்பதற்குத் தனிக் காரணமும் இருக்கிறது. அவன் படைத்தலைவன் பாம்பன் தீவின் குந்துகாலில் கோட்டை கட்டி, மன்னன் பெயர் பொறித்த காசைப் பாண்டிநாட்டில் வழங்கச் செய்ததாக இலங்கையின் பாலி வரலாறு சொல்கிறது.

படுத்த நந்தியும் அதன்கீழ் தமிழில் 'சேது' என்ற சொல்லும் இருந்தால் அவசரப்பட்டுச் சேதுபதி காசு என்று எழுதிவிடாதீர்கள். அவற்றை யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்டதாகவே நாணய ஆய்வாளர் பலரும் கொள்கிறார்கள்.

உச்சிப்புளி வாசகி: புளி போட்டுத் தேய்த்ததில் ஒரு செப்புக் காசு ரோஸ் நிறமாகி எழுத்தே போய்விட்டது. இன்னொன்றில் துடைக்கத் துடைக்க வெளிர்பச்சைப் பொடி வருகிறது. என்ன செய்வது?

முதல் காசுக்கு இனி வைத்தியம் இல்லை. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் கிடந்த செம்பின் மேற்பரப்பு களிம்பாக மாறிவிடும். எழுத்தும் உருவமும் நிற்பது அந்தக் களிம்பில்தான், அடியில் இருக்கும் செம்பில் அல்ல. புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் அமிலம். களிம்பைக் கரைத்து எழுத்தையும் கூடவே கொண்டுபோய்விடும். விபூதி, பற்பசை, சாம்பல் ஆகியவை அமிலம் இல்லையென்றாலும் அராவும். குத்துவிளக்குக்குப் பொருந்துவது காசுக்குப் பொருந்தாது.

இரண்டாவது காசைக் காப்பாற்றலாம். கெட்டியான கரும்பச்சைக் களிம்பு நல்லது, அதை விடுங்கள். விரலில் ஒட்டும் வெளிர்பச்சைப் பொடிதான் நோய். கடலுப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து, காற்றின் ஈரம் பட்டதும் அமிலமாகி, மேலும் செம்பைத் தின்கிறது. நம் கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, ஆகையால் தானாக நிற்காது. பக்கத்துக் காசுகளிலிருந்து அதைத் தனியே பிரியுங்கள்.

பைக் பட்டறையில் விற்கும் பேட்டரித் தண்ணீரில், அமிலம் கலக்காத காய்ச்சி வடித்த நீரா என்று கேட்டு, ஒரு லிட்டர் வாங்குங்கள். அதில் சலவைச் சோடா 25 கிராம், ஆப்ப சோடா 25 கிராம் கரைத்து, கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் டப்பாவில் காசை ஊறவிடுங்கள். எவர்சில்வர், அலுமினியம் வேண்டாம். வாரம் ஒருமுறை கரைசலை மாற்ற வேண்டும். மூன்று மாதம்கூட ஆகலாம். நிறம் கொஞ்சம் கருக்கும். பிறகு வெறும் வடித்த நீரில் ஒரு வாரம், தினமும் மாற்றி. எடுத்துப் பஞ்சுத் துணியில் ஒற்றி, மேசை விளக்கின் சூட்டில் காயவைத்து, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். குழாய்த் தண்ணீரில் இதைச் செய்தால் எடுக்கிற உப்பைத் திரும்பக் கொடுப்பதுபோல ஆகிவிடும்.

மண் ஒட்டியிருந்தால் வடித்த நீரில் நனைத்து, பூதக்கண்ணாடியின் கீழ் மரப் பல்குச்சியாலோ காய்ந்த கருவேல முள்ளாலோ தள்ளுங்கள். ஊசி, பிளேடு கூடாது. நம் மாவட்டத்தில் கருவேல முள்ளுக்கு இப்படி ஒரு நல்ல வேலை இருப்பது பலருக்குத் தெரியாது. கடலில் கிடந்த வெள்ளிக்கு வடித்த நீரில் உப்பு நீக்குவதோடு நிறுத்துங்கள். மேலே படிந்த கருப்பு நிறத்தை எடுக்கக் கூடாது. உள்ளே எவ்வளவு வெள்ளி மிச்சம் என்று வெளியிலிருந்து தெரியாது.

கமுதி வாசகர்: ராமர் பட்டாபிஷேகம் பொறித்த கிழக்கிந்தியக் கம்பெனி காசு, 1818, அரிசியை இழுக்கும், கோடி ரூபாய் என்கிறார்கள். முன்பணம் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். ராமர் படம் போட்டுக் கம்பெனி எந்தக் காசும் அடிக்கவில்லை. 1616, 1717, 1818 என்று ஆண்டு போட்டு வருபவை எல்லாம் பிற்காலப் பட்டறை வேலை. எந்தக் காசும் அரிசியை இழுக்காது. முன்பணம் போயிருந்தால் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுங்கள்.

கீழக்கரை வாசகர்: சொந்த மனையில் வானம் தோண்டும்போது சிறு பானையில் நாற்பது காசு வந்தது. சொந்தமா, அரசுக்கா?

இந்தியப் புதையல் சட்டம் 1878-இல் வந்தது. அதன்படி மண்ணில் மறைந்திருந்து கிடைத்தது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே, என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பொருளை அருகிலுள்ள கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவருவதாகப் பிணை தர வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. தெரிவித்தவருக்குச் சட்டம் பகை இல்லை. முன்சொந்தக்காரர் யாரும் நிரூபிக்காவிட்டால், ஒருவர் மனையில் இன்னொருவர் கண்டெடுத்ததில் முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு மனைக்காரருக்கு. அரசு வேண்டுமென்றால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். வளைகுடா நாட்டு உறவினர் பையில் கொடுத்துவிடும் யோசனையை விட்டுவிடுங்கள்.

இடையில் செய்ய வேண்டியது: பானை ஓட்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். காசுகளை வகை பிரித்துப் பங்கு போடாதீர்கள். நாற்பதும் ஒன்றாக இருந்தால் அதில் பிந்திய காசு எதுவோ, அதற்குப் பின்தான் பானை புதைந்தது என்று சொல்லிவிடலாம்.

தேவிபட்டினம் வாசகர்: தூண்டில் முள் மாதிரி வளைந்த வெள்ளிக் கம்பி. கூர் இல்லை. தட்டையான இடத்தில் அரபி போல எழுத்து. நகை உடைந்ததா?

எடை போட்டீர்களா? 4.7 கிராம் அருகே நின்றால் நகையும் இல்லை, தூண்டிலும் இல்லை. லாரின் என்ற காசு. பாரசீகத்தின் லார் நகரத்தால் வந்த பெயர். வெள்ளிக் கம்பியை நடுவில் மடித்து, இரு பக்கமும் தட்டையாக்கி அச்சு அடிப்பார்கள். பாரசீகத்தில் கொண்டையூசிபோல நேராக இருந்தது. இலங்கையில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் முள்ளாக வளைத்தார்கள். எழுத்து பெரும்பாலும் பார்த்து எழுதியதே தவிரப் படித்து எழுதியது அல்ல, அதனால் வாசிக்க முடியவில்லையே என்று வருந்த வேண்டாம். உங்களுடையதில் பக்கவாட்டில் உளியால் வெட்டிய தழும்பு இருந்தால், உள்ளே செம்பு இருக்கிறதா என்று யாரோ அந்தக் காலத்திலேயே பார்த்துவிட்டார்கள். நிமிர்த்தாதீர்கள். பழைய வெள்ளி வளைவிலேயே முறியும்.